16 வயதுத் தம்பிக்கு மார்பு வீக்கம்: ஆபரேஷன் இப்போதே வேண்டுமா?

கேள்வி: மும்பையில் சயான் கோலிவாடாவில் இருக்கிறோம். என் தம்பிக்கு மார்ச்சில் 16 முடிந்தது, பத்தாவது பரீட்சை எழுதியிருக்கிறான். 20 மாதமாக அவனுக்கு இரண்டு மார்பும் வீங்கியிருக்கின்றன. வலது பக்கம் கொஞ்சம் அதிகம். ஆரம்பத்தில் சட்டை உரசினாலே வலிக்கிறது என்பான், இப்போது வலி இல்லை. உயரம் 165 செ.மீ., எடை 71 கிலோ. இந்த வெக்கையிலும் இரண்டு பனியன் போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறான். நான்கு மாதமாக ஜிம்முக்குப் போகிறான், அங்கே பயிற்சியாளர் தரும் ஒரு பவுடரைக் குடிக்கிறான். ஒரு கிளினிக்கில் காட்டினேன். “கிரேடு 2, ஆபரேஷன் செய்தால்தான் போகும். ஜூனியர் காலேஜ் (பதினொன்றாம் வகுப்பு) திறப்பதற்குள் முடித்துவிடலாம். 90 ஆயிரம், தவணையிலும் கட்டலாம்” என்றார்கள். அப்பா இல்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. செய்துவிடலாமா, பொறுக்கலாமா? எங்கள் தாய்மாமாவுக்கும் 54 வயதில் இடது பக்கம் மட்டும் கட்டி மாதிரி வந்திருக்கிறது. வலி இல்லை என்கிறார். இது பரம்பரையா?

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மாமா. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவசரம் அங்கேதான். தம்பிக்கு அவகாசம் இருக்கிறது. மாமாவை இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.

50 வயதைத் தாண்டிய ஆணுக்கு ஒரு பக்கம் மட்டும் வலியில்லாத கட்டி வந்தால், அது புற்றுநோய் இல்லை என்று உறுதியாகும்வரை சும்மா விடக்கூடாது. மார்பகப் புற்றுநோய் வருகிறவர்களில் நூற்றில் ஒருவர் அளவுக்கு ஆண்களும் இருக்கிறார்கள். அவர்கள் தாமதமாக வருவதற்குக் காரணமே “ஆம்பளைக்கு இதெல்லாம் வராது” என்ற எண்ணமும், வலி இல்லையே என்ற நிம்மதியும்தான். கட்டி கல்லைப்போலக் கெட்டியாக இருப்பது, காம்புக்கு நேர் கீழே இல்லாமல் ஒதுங்கி இருப்பது, தோலோடு ஒட்டிக்கொண்டு நகராமல் இருப்பது, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிவது, அக்குளில் நெறி கட்டுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம். ஒன்றுமே இல்லை என்றாலும் காட்டியாக வேண்டும். சயான் மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் கேஸ் பேப்பர் எடுத்தால் போதும், பரேலில் டாடா மெமோரியலும் இருக்கிறது. கையால் பரிசோதிப்பார்கள், மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுப்பார்கள், சந்தேகம் இருந்தால் ஊசி வழியாகச் சிறு சதைத் துண்டு எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள்.

மாமா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள். இதயத்துக்கும் கல்லீரலுக்கும் தரும் ஸ்பைரோனோலாக்டோன், புராஸ்டேட்டுக்குத் தரும் ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு, பழைய இதய மாத்திரையான டிகாக்சின் ஆகியவை மார்பு வீக்கத்தை உண்டாக்கக்கூடியவை. நீண்ட நாள் குடியும் கல்லீரல் பாதிப்பும் உண்டாக்கும். பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்தால், உங்கள் அம்மா அவருடைய உடன்பிறந்தவர் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயில் ஒரு பகுதி பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணு மாற்றத்தால் வருவது. அது இருந்தால் அம்மாவுக்கும் பரிசோதனை தேவைப்படும். தம்பிக்கு இருப்பது வேறு. 14, 15 வயதில் மார்பு வீங்குவதற்கும் மாமாவின் கட்டிக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

இனி தம்பி. இந்தக் கோடையில் ஆபரேஷன் வேண்டாம் என்பதே என் பதில். அதற்காக “தானாகப் போய்விடும், கவலைப்படாதே” என்றும் சொல்ல மாட்டேன். 20 மாதம் என்பது இரண்டு பக்கமும் சாயக்கூடிய கட்டம். எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க யாரும் இதுவரை அளந்து பார்க்கவில்லை. அதை முதலில் செய்வோம்.

பருவமடையும்போது ஆண் பிள்ளைகளின் உடம்பில் பெண் ஹார்மோன் எனப்படும் ஈஸ்ட்ரோஜனும் சுரக்கிறது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கிறது. ஈஸ்ட்ரோஜன் சற்று முந்திக்கொள்ளும், டெஸ்டோஸ்டிரோன் முழு அளவை எட்டக் கொஞ்ச காலம் ஆகும். அந்த இடைவெளியில் காம்புக்கு அடியில் இருக்கும் சுரப்பித் திசு தூண்டப்பட்டு வளர்கிறது. கைனகோமாஸ்டியா என்று டாக்டர்கள் எழுதுவது இதைத்தான். பருவமடையும் பையன்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்காவது ஏதோ ஓர் அளவில் இது வந்து போகிறது, பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள். ஆறு மாதம் முதல் இரண்டு வருடத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும். 17 வயதைத் தாண்டியும் நிற்பது சிலருக்கு மட்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லாததும் சகஜம்தான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி, வலி நின்றுவிட்டது என்பது. புதிதாக வளரும் சுரப்பித் திசுவில் குழாய்கள் பெருகும், சுற்றிலும் நீர் கோத்திருக்கும், தொட்டால் வலிக்கும். அந்தக் கட்டத்தில் அது தானாகவும் சுருங்கும், மாத்திரைக்கும் கட்டுப்படும். ஒரு வருடத்துக்குப் பிறகு அதே இடத்தில் மெல்ல மெல்ல நார்த்திசு படியும். வலி போய்விடும், ஆனால் நாராகிவிட்ட பகுதி பின்னர் கரைவது கடினம். ஆக, வலி நின்றதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. வீக்கம் அடங்கிக்கொண்டிருக்கலாம், அல்லது இறுகிக்கொண்டிருக்கலாம். அளவெடுத்தால்தான் தெரியும்.

அளவெடுப்பதை அவனே செய்யட்டும், கதவைத் தாளிட்டுக்கொண்டு. மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இடது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வலது காம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, இரு பக்கமும் வைத்து, மெதுவாக நடுவே நகர்த்திக்கொண்டு வர வேண்டும். காம்புக்கு அடியில் கேரம் காயைப்போல ஒரு வட்டு விரல்களைத் தடுத்து நிறுத்தினால், அழுத்தும்போது ரப்பராகக் கொடுத்தால், அது சுரப்பி. விரல்கள் எதிலும் முட்டாமல் காம்புவரை வந்து சேர்ந்துவிட்டால் அங்கே இருப்பது வெறும் கொழுப்பு. வட்டு இருந்தால் அதன் இரண்டு ஓரங்களுக்கும் நடுவே எத்தனை செ.மீ. என்று ஸ்கேலை வைத்துப் பார்த்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதட்டும். அடுத்த பக்கமும் இப்படியே. அதே நாளில் உயரம், எடை இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இனி மூன்று மாதம் கழித்து ஆகஸ்டில், அதன்பின் நவம்பரில், பிறகு பிப்ரவரியில். இடையில் தினமும் தொட்டுப் பார்ப்பது வேண்டாம். திரும்பத் திரும்பக் கசக்கினால் அந்த இடம் புண்பட்டு வலிக்கும், அளவும் குழம்பும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் எந்தக் கிளினிக்குக்கும் அனுப்ப வேண்டாம். அவன் மைனர். அந்தப் படம் எங்கெங்கே போகும் என்று உங்களால் கட்டுப்படுத்த முடியாது.

165 செ.மீ. உயரத்துக்கு 71 கிலோ கூடுதல்தான். ஆகவே அவனுக்கு இரண்டும் கலந்திருக்கும் என்று நினைக்கிறேன்: நடுவில் சுரப்பி, சுற்றிலும் கொழுப்பு. கொழுப்புக்கு இதில் இரட்டை வேலை. அது பார்வைக்கு அளவைக் கூட்டுகிறது, அதிலுள்ள அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றவும் செய்கிறது. வளரும் பையனைப் பட்டினி போட வேண்டாம். அடுத்த ஆறு மாதத்தில் மூன்று, நான்கு கிலோ மெதுவாக இறங்கினால் போதும். குளிர்பானமும் தினப்படி வடாபாவும் நின்று, நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓட்டமோ கால்பந்தோ இருந்தால் அது தானாக நடக்கும். எடை குறைந்து மார்பும் தட்டையாகிவிட்டால் கேள்வியே முடிந்தது. எடை குறைந்தும் நடுவே வட்டு அப்படியே துருத்திக்கொண்டு நின்றால், அதுவும் பயனுள்ள தகவல்தான். தண்டால் எடுத்தாலோ பெஞ்ச் பிரஸ் செய்தாலோ சுரப்பி கரையாது. அடியிலுள்ள தசை பருத்துச் சுரப்பியை இன்னும் முன்னுக்குத் தள்ளுவதும் உண்டு. உடற்பயிற்சியை விட வேண்டாம், அதிலிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்று மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அந்தப் பவுடரை இன்றைக்கே நிறுத்துங்கள். டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 14 இலக்க உரிம எண், உட்பொருள் பட்டியல், தயாரிப்பாளர் முகவரி இருக்கின்றனவா என்று பாருங்கள். பயிற்சியாளர் பெரிய டப்பாவிலிருந்து பிரித்துக் கவரில் போட்டுக் கொடுப்பது என்றால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். தசை வளர்க்கும் ஸ்டீராய்டு கலந்திருந்தால் உடம்பு அதில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும், விரைகள் தாமாகச் சுரப்பதையும் நிறுத்திக்கொள்ளும். நிறுத்திய பிறகும் சில மாதம் டெஸ்டோஸ்டிரோன் குறைவாகவே இருக்கும், அந்த நேரத்தில் மார்பு இன்னும் வளரும். பவுடரோடு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டானா என்று திட்டாமல் கேளுங்கள். உண்மை தெரியாவிட்டால் டாக்டர் பார்க்கும் இரத்தப் பரிசோதனையும் தப்பான வழியைக் காட்டும். புரதம்தான் வேண்டும் என்றால் வீட்டிலேயே இருக்கிறது. இரண்டு முட்டையில் 12 கிராம், அரை லிட்டர் பாலில் 16 கிராம், 100 கிராம் சமைத்த கோழிக்கறியில் சுமார் 25 கிராம், பருப்பு, சுண்டல் எல்லாம் சேர்ந்தால் அவன் வயதுக்கு வேண்டிய 60, 70 கிராம் வந்துவிடும். பிராய்லர் கோழியால்தான் மார்பு வீங்குகிறது என்று சொல்கிறார்களே, அதற்கு ஆதாரம் கிடையாது.

வேறு மருந்துகள் ஏதாவது சாப்பிட்டானா என்றும் பாருங்கள். வயிற்றெரிச்சலுக்கு மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் பான்டோபிரசோல், டோம்பெரிடோன் கலந்த கேப்ஸ்யூலை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் நம் பக்கம் ஏராளம். அதிலுள்ள டோம்பெரிடோன் புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டும், மார்பையும் வீங்க வைக்கும். டி.பி.க்குத் தரும் ஐசோனியாசிட், மனநோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன், முடி கொட்டுவதற்குத் தரும் ஃபினாஸ்டெரைடு ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் டி.பி. மாத்திரையையும் மனநல மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவே கூடாது. எழுதித் தந்த டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று இருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.

அடுத்து, யாரிடம் காட்டுவது? அறுவை சிகிச்சை நிபுணரிடம் போகுமுன் ஹார்மோன் மருத்துவரிடம் போங்கள். பரேல் கே.இ.எம்., மும்பை சென்ட்ரல் நாயர் இரண்டு மாநகராட்சி மருத்துவமனைகளிலும் எண்டோகிரைன் பிரிவு இருக்கிறது. அங்கே மார்பைப் பார்ப்பதோடு விரைகளையும் பார்ப்பார்கள். தம்பி கூச்சப்படுவான், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்தப் பரிசோதனை இல்லாமல் முடிவெடுக்கவே முடியாது. கிளினிக்கில் அதைச் செய்தார்களா? செய்யாமலே ஆபரேஷன் தேதி கொடுத்திருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே அங்கே போவதை நிறுத்திவிடலாம். அளவு குறித்த மணிகள் கோத்த சரம் ஒன்று இருக்கும், அதை வைத்து விரையின் அளவை ஒப்பிடுவார்கள். பருவம் முதிர்ந்த பையனுக்கு விரைகள் இன்னும் சிறுத்து, கெட்டியாக, 4 மி.லி.க்கும் குறைவாக இருந்தால் கிளைன்ஃபெல்டர் என்ற பிறவி மாற்றமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. விரையில் பட்டாணி அளவுக்குக் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் உடனே அல்ட்ராசவுண்டு எடுக்க வேண்டும். விரைக் கட்டி ஹார்மோனைச் சுரந்து மார்பை வீங்க வைப்பது அரிது, ஆனால் தவறவிடக்கூடாதது.

இரத்தப் பரிசோதனை எல்லாப் பையன்களுக்கும் தேவையில்லை. 14 வயதில், நல்ல ஆரோக்கியத்தோடு, சமீபத்தில் வந்த வீக்கத்துக்கு டாக்டரின் கையும் கண்ணும் போதும். உங்கள் தம்பிக்கு 20 மாதம் ஆகிவிட்டது, பவுடரும் குடித்திருக்கிறான். அதனால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது: டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., எஸ்ட்ராடயால், புரோலாக்டின், பீட்டா எச்.சி.ஜி., தைராய்டு, கல்லீரல், கிரியாட்டினின். இரத்தம் காலை 8 முதல் 10 மணிக்குள் கொடுக்க வேண்டும், டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். பவுடரிலோ முடிக்கான மாத்திரையிலோ பயோட்டின் இருந்தால் மூன்று நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். பயோட்டின் பரிசோதனைக் கருவியையே ஏமாற்றி, சில ஹார்மோன்களைக் கூடுதலாகவும் சிலவற்றைக் குறைவாகவும் காட்டிவிடும். பெரும்பாலான பையன்களுக்கு எல்லாமே சரியான அளவில்தான் வரும். அப்படி வந்தால் “பிறகு ஏன் வீங்கியிருக்கிறது” என்று குழம்ப வேண்டாம். தூண்டுதல் முடிந்து போய், வளர்ந்த திசு மட்டும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

மாத்திரை உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, யாராவது சொல்வார்கள். டாமாக்சிஃபென் 10 அல்லது 20 மி.கி., மூன்று முதல் ஆறு மாதம், என்று சில டாக்டர்கள் எழுதுவதுண்டு. புதிதாக வந்த, வலியுள்ள வீக்கத்தில் அது உதவுகிறது. வீக்கம் வந்து 20 மாதமாகி, வலியும் நின்றுவிட்ட உங்கள் தம்பிக்கு அதிகம் எதிர்பார்க்க முடியாது. இரத்தக்கட்டு அபாயம் உள்ள மருந்து, ஆகவே கடையில் கேட்டு வாங்கித் தரும் சோலியே வேண்டாம். அனஸ்ட்ரோசோல் என்பதைப் பையன்களிடம் சோதித்துப் பார்த்தபோது மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட மேலான பலன் இல்லை. பூசும் களிம்பு, லேகியம் எதுவும் சுரப்பியைக் கரைக்காது.

இப்போது கிளினிக் சொன்ன “கிரேடு 2.” இந்தக் கிரேடு, வீக்கத்தின் அளவையும் தோல் தொய்ந்திருக்கிறதா என்பதையும் குறிப்பது. எப்படி ஆபரேஷன் செய்வது என்று முடிவெடுக்க அது உதவும். செய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. அந்தப் பதில் மூன்று விஷயங்களில் இருக்கிறது: எத்தனை நாளாக இருக்கிறது, பருவ வளர்ச்சி முடிந்துவிட்டதா, கடைசி 12 மாதத்தில் அளவு மாறியதா. மூன்றாவதற்கு அவர்களிடமும் பதில் இல்லை, உங்களிடமும் இன்னும் இல்லை.

16 வயதில் செய்தால் என்ன கெடுகிறது? ஆபரேஷனில் சுரப்பியைச் சுத்தமாக வழித்தெடுப்பதில்லை. காம்புக்கு அடியில் சுமார் 1 செ.மீ. கனத்துக்குத் திசுவை விட்டுவைப்பார்கள். விடாவிட்டால் காம்பு உள்ளே குழிந்து மார்பில் பள்ளம் விழும், காம்புக்குப் போகும் இரத்த ஓட்டமும் பாதிக்கும். ஹார்மோன் தூண்டுதல் முடியாத வயதில், அப்படி விட்டுவைத்த திசு மறுபடி வளர இடமுண்டு. அல்லது தானாகவே சுருங்கவிருந்த வீக்கத்தை அறுத்துவிட்டு, மிச்சமும் சுருங்கும்போது பள்ளம் தெரியலாம். உயரமும் எடையும் மாறிக்கொண்டிருக்கும் உடம்பில் இன்றைக்குச் சரிசமமாக இருந்தது இரண்டு வருடத்தில் கோணலாகலாம். இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம், தழும்புத் திசுவுக்குள் வேலை செய்ய வேண்டும்.

18 வயது ஆகி, உயரம் நின்று, முகத்தில் சவரம் செய்யும் அளவுக்கு வளர்ச்சி வந்து, உங்கள் நோட்டில் 12 மாதம் ஒரே அளவு இருந்து, அவனுக்கும் அது உறுத்தலாக இருந்தால், அப்போது தயங்க வேண்டாம். அதற்குப் பிறகு காத்திருப்பதில் பலன் இல்லை, நார்த்திசு கரையப் போவதில்லை. “ஆம்பளைக்கு என்னடா அழகு” என்று சொல்லி அவனை இன்னும் பத்து வருடம் இரண்டு பனியனோடு அலைய விடுவதும் தவறுதான்.

அந்த ஆபரேஷன் எப்படி இருக்கும் என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உப்புநீரில் மரத்துப்போகும் மருந்தும் இரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்து மார்பில் ஏற்றுவார்கள். சிறு துளை வழியாக லைப்போசக்‌ஷனில் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு காம்பைச் சுற்றியுள்ள கருநிற வட்டத்தின் கீழ் விளிம்பில் 2, 3 செ.மீ. கீறி, சுரப்பி வட்டை வெட்டி எடுப்பார்கள். ஒன்றரை, இரண்டு மணி நேர வேலை. இதில் லைப்போசக்‌ஷனை மட்டும் செய்துவிட்டு “தழும்பே இல்லாத லேசர் முறை” என்று விளம்பரம் செய்கிற இடங்கள் உண்டு. கொழுப்பு போய், நடுவில் வட்டு மட்டும் நின்று, முன்பைவிடக் கூர்மையாகத் துருத்திக்கொண்டு தெரிகிறது என்று திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த வகை. எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்றும் கேளுங்கள், அனுப்ப வேண்டும்.

முதல் 24 மணி நேரத்தில் ஒரு பக்கம் திடீரென்று விண்ணென்று வீங்கி வலித்தால் உள்ளே இரத்தம் தேங்குகிறது என்று பொருள், நடு இரவானாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஆகவே மயக்க மருந்து நிபுணரும் இரவு டாக்டரும் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும், மாடியறைக் கிளினிக்கில் கூடாது. காம்பில் சில மாதம் உணர்ச்சி குறையலாம், நீர் கோக்கலாம், தழும்பு தடிக்கலாம். வீட்டில் யாருக்காவது தழும்பு தடித்து வளரும் சுபாவம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மார்பை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உடுப்பை நான்கு முதல் ஆறு வாரம் போட வேண்டும். ஒரு வாரத்தில் உட்கார்ந்து படிக்கலாம், மார்புக்கான உடற்பயிற்சி ஆறு வாரத்துக்குப் பிறகுதான். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஹார்பர் லைன் ரயிலில் காலைக் கூட்டத்தில் ஏறவே கூடாது, ஒரு முழங்கை இடித்தால் போதும். அதனால்தான் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த ஏப்ரல் எனக்குச் சரியான நேரமாகப் படுகிறது. அப்போது அவனுக்கு 18 ஆகியிருக்கும், தினசரி ரயில் பயணம் இருக்காது, மழை தொடங்குவதற்குள் உடுப்பையும் கழற்றிவிடலாம். வியர்வைக்கு இரண்டு உடுப்பு வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போட வேண்டும்.

யார் செய்கிறார் என்பதை விலையைவிட முதலில் கேளுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. படித்தவராக இருக்க வேண்டும், மகாராஷ்டிர மெடிக்கல் கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். ஆலோசனையின்போது பேசியவரே கத்தியும் எடுக்கிறாரா என்று கேளுங்கள். 90 ஆயிரத்தில் மயக்க மருந்து, தங்கும் செலவு, உடுப்பு, திசுப் பரிசோதனை, பிசகு வந்தால் திருத்தும் செலவு எல்லாம் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். கே.இ.எம்.மிலும் சயானிலும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உண்டு, செலவு பல மடங்கு குறையும், வரிசையில் காத்திருக்க வேண்டும். உங்களுக்குத்தான் இரண்டு வருடம் இருக்கிறதே. இன்ஷூரன்ஸை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். அழகுக்கான அறுவை என்று சொல்லிப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள், முன் அனுமதி எழுத்தில் கிடைத்தால் மட்டும் கணக்கில் எடுங்கள்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். 18 வயது ஆகாதவனுக்கு ஆபரேஷன் சம்மதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அம்மாதான். நீங்கள் அண்ணனாக எத்தனை பொறுப்பு சுமந்தாலும், அம்மா இருக்கும்போது உங்கள் கையெழுத்து செல்லாது. உங்கள் கையெழுத்தே போதும் என்று அந்தக் கிளினிக் சொல்லியிருந்தால் அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம். அவனுக்குத் தெரியாமல் சொல்லாதீர்கள். “அம்மாகிட்ட நான் பேசட்டுமா, நீ பேசுறியா” என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டு பனியன் இந்த ஊர் ஈரக்காற்றுக்கு ஆகாது, மடிப்பில் படை வந்துவிடும். அளவான, இறுக்கிப் பிடிக்கும் பனியன் ஒன்று, அதன்மேல் கெட்டித் துணியில், அடர் நிறத்தில், தொளதொளப்பான சட்டை போதும். இரவில் கழற்றிவிட வேண்டும். இந்த வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் புழுங்கும் சில கேள்விகளுக்கும் பதிலை நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கைப்பழக்கத்தால் இது வரவில்லை. இதனால் ஆண்மை குறையாது. டிவியில் லாட்ஜ் வைத்தியர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். டாக்டரிடம் போகும்போது பத்து நிமிடம் அவனைத் தனியாகப் பேச விடுங்கள், அண்ணன் முன்னால் கேட்க முடியாதது எத்தனையோ இருக்கும்.

கல்லூரி தொடங்கியதும் அவனைக் கவனியுங்கள். போகாமல் தவிர்க்கிறானா, சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறானா, நண்பர்களை விட்டு ஒதுங்குகிறானா? செத்துவிடலாம் போல இருக்கிறது என்ற பேச்சு வந்தால் அதைப் பேச்சுத்தானே என்று விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். டெலி மானஸ் 14416 இலவச எண், எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். வீக்கம் மிகப் பெரிதாகி, அதனாலேயே அவன் படிப்பை நிறுத்தும் நிலை வந்தால், 18 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். ஹார்மோன் மருத்துவர், பிளாஸ்டிக் சர்ஜன், மனநல மருத்துவர் மூவரும் பார்த்து, மறுபடி வளர வாய்ப்பு உண்டு என்பதை அவனுக்கும் அம்மாவுக்கும் விளக்கிச் சொன்ன பிறகு 17 வயதிலும் செய்யலாம். அந்தச் சந்திப்புக்குப் போகும்போது அளவு எழுதிய நோட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.